ஊழும் தெரிவும்: உரோமியோ – யூலியற் கதை வளர்ந்த வரலாறு

காதலர் இருவர் இளமையிலே மாண்டனர் எனக் கேட்குமிடத்து, உலகம் இரண்டு விடைகளுள் ஒன்றையே பெரும்பாலும் கூறி வந்துளது. 'எல்லாம் ஊழ்' என்பது ஒன்று. 'தாமே தேடிக்கொண்ட வினை' என்பது மற்றொன்று. முதல் விடை எவரையும் குற்றஞ் சாட்டுவதில்லை. இரண்டாம் விடை இறந்தாரை மட்டுமே குற்றஞ் சாட்டுகின்றது. எதனைக் கொள்ளினும் உயிரோடிருப்போர்க்குப் பழியில்லை. இவ்விரு விடைகளும் இத்துணைக் காலம் நிலைத்து நிற்பதற்கு அதுவே ஒரு காரணமாகலாம்.

இவ்வினாவை ஆராய்வதற்கு, ஒரே கதை பலர் கைப்பட்டு வளர்ந்த வரலாறொன்றை எடுத்துக்கொள்ளுதல் நலம். உரோமியோ, யூலியற் என்னும் இருவர் கதையைச் சேக்ஸ்பியரின் நாடகமாக நம் மாணவர் அறிவர். ஆயின் அந்நாடகம் 1595 ஆம் ஆண்டளவிலே தோன்றுதற்கு முன்னரே அக்கதை ஏறத்தாழ 120 ஆண்டுகளாக ஐரோப்பாவில் வழங்கி வந்தது. அதனை எடுத்தாண்ட ஆசிரியர் ஒவ்வொருவரும் காதலர் சாவுக்குத் தத்தமக்குப் பொருந்திய காரணத்தைக் கண்டனர். அக்காரணங்களை வரிசைப்படுத்தி நோக்கின், ஊழ் என்று சொல்லப்படுவது யாதென்பது ஓரளவு தெளிவாகும்.

ஊழ் பற்றிய கொள்கைகள்

ஊழ் என்பது வினையின் பயன் என்பது தமிழ்ச் சான்றோர் கொள்கை. திருக்குறளின் 38 ஆம் அதிகாரம் ஊழின் வலியை எடுத்துரைக்கின்றது. ஆள்வினையுடைமை எனப்படும் 62 ஆம் அதிகாரமோ, தளராது முயல்வார் அவ்வூழையும் பின்னிடச் செய்வர் என்கின்றது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், ஊழின் வேர் செயலே என்பதை உணர்வார்க்கு முரண் தோன்றாது. ஒரு செயலால் விளைந்ததனை மற்றொரு செயலால் எதிர்த்து நிற்றல் இயல்பேயாம்.

இடைக்கால ஐரோப்பாவிலே இதற்கு ஒத்த ஒரே சொல் வழங்கவில்லை. மூன்று கருத்துக்கள் ஒருங்கே வழங்கின. முதலாவது, உரோமர் பொர்த்தூனா எனப் போற்றிய தெய்வம். இத்தெய்வம் காரணமின்றி ஒருவனை உயர்த்திப் பின் தாழ்த்தும். ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சிறையிலிருந்து கொலைத் தண்டனையை எதிர்நோக்கிய போயெத்தியசு என்பார் எழுதிய நூலால், அத்தெய்வம் சுழற்றும் சக்கரம் என்னும் உருவகம் எங்கும் பரவியது. இரண்டாவது, கோள்களும் விண்மீன்களும் மனிதர் வாழ்வை இயக்குவன என்னும் சோதிடக் கொள்கை. மூன்றாவது, யாவற்றையும் முன்னறிந்து நடாத்தும் இறைவனது திருவுளம் என்னும் கிறித்தவ சமயக் கொள்கை.

இம்மூன்றையும் ஏற்ற அறிஞர்கூட மனிதனது தெரிவுரிமையைக் கைவிட்டாரல்லர். 1274 இல் மறைந்த அக்குவீனோ தோமசு என்னும் இறையியலறிஞர், விண்மீன்கள் உடலையும் அதன் உணர்ச்சிகளையும் ஒருபாற் சாய்த்தல் கூடும் எனினும் அறிவையும் விருப்பாற்றலையும் நேரே கட்டுப்படுத்தமாட்டா என வரையறுத்தார். இத்தாலிய மகாகவி தாந்தே தமது காவியத்தின் இரண்டாம் பகுதியாகிய உத்தரிப்புத் தலத்திலே, 16 ஆம் படலத்தில், இதே கருத்தை ஒரு பாத்திரத்தின் வாயிலாக விளக்குகின்றார்: உலகிலே காணப்படும் தீமை அனைத்துக்கும் வானத்தைக் காரணமாக்கின் நல்லார்க்கு நலமும் தீயார்க்குத் தண்டமும் அளித்தல் நீதியாகாது; ஆதலின் காரணத்தை மாந்தர் தம்மிடத்தே தேடல் வேண்டும் என்பது அதன் பொருள்.

வரலாற்றில் இரு பெயர்கள்

உரோமியோ, யூலியற் ஆகியோரின் குடிப்பெயர்கள் முதன்முதலாக ஒருசேர இடம்பெறுவதும் தாந்தேயின் இதே பகுதியிலேயாம் என்பது ஈண்டு நோக்கற்பாலது. 6 ஆம் படலத்திலே மொந்தெக்கி, கப்பெல்லெத்தி என்னும் இரு பெயர்கள் வருகின்றன. அங்கே காதற்கதை யாதும் இல்லை. இத்தாலிய நகரங்களைக் கட்சிப் பூசல் அழிக்கும்போது அதனை அடக்காது வாளாவிருந்த பேரரசனைக் கவிஞர் இடித்துரைக்குமிடத்து, அழிவுக்குச் சான்றாக இப்பெயர்கள் கூறப்படுகின்றன. மொந்தெக்கி வெரோனா நகரத்தைச் சார்ந்தோர். கப்பெல்லெத்தி கிரெமோனா நகரத்துக் கட்சியினர். இவ்விரு குடிகளிலும் பிறந்து காதலால் மாண்டார் இருவர் இருந்தனர் என்பதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. யூலியற்றின் இல்லம் என வெரோனாவிலே காட்டப்படும் பழைய வீட்டின் மேன்மாடமும் 20 ஆம் நூற்றாண்டிலே சேர்க்கப்பட்டதேயாம்.

ஆகவே, காதலர் வரலாற்று மாந்தரல்லர், பூசலோ வரலாற்றுண்மை. ஆள்வோனது அசட்டையைச் சுட்டுதற்காகவே இப்பெயர்கள் இலக்கியத்தில் முதற்கண் இடம்பெற்றன என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கதை எத்துணை மாறினும் அக்குற்றச்சாட்டு அதனைப் பின்தொடர்ந்தே வந்தது.

சியெனாவினின்று இலண்டன் வரை

கதையின் முந்திய வடிவம் 1476 இல் நேப்பிள்சு நகரிலே அச்சேறிய மசூச்சோ என்பாரது கதைத் தொகுதியிற் காணப்படுகின்றது. அங்கே களம் சியெனா. காதலர் மரியோத்தோ, சனோசா என்போர். துறவி ஒருவரின் உதவியால் இருவரும் மறைவிலே மணக்கின்றனர். பின்னர் மரியோத்தோ ஒரு சண்டையிலே நகரமகன் ஒருவனைக் கொன்று, அலெக்சாந்திரியாவுக்கு ஓடுகின்றான். வேறு மணத்துக்கு வற்புறுத்தப்பட்ட சனோசா, இறந்தாள் போலத் துயிலச் செய்யும் மருந்தை உண்கின்றாள். உண்மையைக் கூறச் சென்ற தூதனைக் கடற்கொள்ளையர் பிடிக்கின்றனர். அவள் இறந்தாள் என்ற செய்தியே கணவனை எய்துகின்றது. அவன் மீண்டுவந்து கல்லறையைத் திறக்க முயலுகையில் அகப்பட்டுத் தலை வெட்டப்படுகின்றான். அவளோ துயரால் மடிகின்றாள். இக்கதையிலே குடிப்பகை இல்லை. கடற்கொள்ளையரே ஊழின் கருவியாக நிற்கின்றனர். இவ்வாறு தற்செயலால் விளைந்த துன்பம் இரக்கத்தைத் தரும், ஆராய்ச்சிக்கு இடந்தராது.

போரிற் காயமுற்ற வீரரும் விச்சென்சா நகரத்துப் பெருங்குடியினருமாகிய லூயிசி தா போர்த்தோ எழுதிய கதை 1530 ஆம் ஆண்டளவிலே வெனிசில் வெளிவந்தது. அவரே களத்தை வெரோனாவுக்கு மாற்றியவர். காதலர்க்கு இன்று நாம் வழங்கும் பெயர்களை இட்டவரும் அவரே. 1301 முதல் 1304 வரை அந்நகரை ஆண்ட பர்த்தொலொமேயோ தெல்லா இசுகாலா காலத்திலே இது நிகழ்ந்தது என்கின்றார். அனைத்தினும் மேலாக, தாந்தே கூறிய இரு கட்சிகளையும் இரண்டு பகைக் குடிகளாக்கிக் காதலர்க்கு இடையே நிறுத்தினார். இம்மாற்றத்தால் கதையின் இயல்பே வேறாயிற்று. தற்செயலின் இடத்திலே மனிதரது பகை வந்து நின்றது.

மத்தேயோ பந்தெல்லோ இதனை 1554 இல் விரித்தெழுதினார். 1559 இல் பியேர் புவஸ்த்துவோ பிரெஞ்சு மொழியிலே ஆக்கினார். முந்திய இத்தாலியக் கதைகளிலே, நஞ்சுண்ட உரோமியோ உயிர்விடுமுன் யூலியற் விழித்தெழுந்து அவனோடு உரையாடுவாள். பிரெஞ்சு ஆசிரியர் அவ்வுரையாடலை நீக்கி, அவன் இறந்தபின்னரே அவள் விழிப்பதாக அமைத்தார். சில நாழிகை வேறுபாட்டாலே இரண்டு உயிர் மாண்டன என்னும் எண்ணம் இதனாலே வலுப்பெற்றது.

1562 இல் ஆதர் புறூக் என்பார் இதனை 3000 அடிகளுக்கு மேற்பட்ட ஆங்கிலச் செய்யுளாகப் பாடினார். அந்நூலிலே வியப்பான ஒரு முரண்பாடு உளது. முன்னுரையிலே புறூக் காதலரைக் கடிந்துரைக்கின்றார்: அவர்கள் தகாத ஆசைக்கு அடிமையாகிப் பெற்றோரையும் உற்றாரையும் மதியாது, தோழியரையும் துறவியரையும் நம்பிக் கெட்டனர் என்பது அவர் தீர்ப்பு. நூலினுள்ளே நுழைந்தாலோ, பழி முழுவதும் பொர்த்தூனாவின் சக்கரத்தின்மேற் சுமத்தப்படுகின்றது. காதலர்பால் இரக்கமே மேலோங்குகின்றது. முன்னுரை தெரிவைக் குற்றஞ் சாட்டுகின்றது. செய்யுள் ஊழைக் குற்றஞ் சாட்டுகின்றது. இடையிலே, பகையை வளர்த்த தந்தையர் இருவரும் பெருங்கண்டனம் யாதுமின்றித் தப்பிவிடுகின்றனர். புறூக் அடுத்த ஆண்டாகிய 1563 இல் கப்பலுடைந்து கடலில் மாண்டார். அவர் நூலே சேக்ஸ்பியருக்கு முதனூலாயிற்று.

திருமணச் சட்டமும் குடும்ப ஆணையும்

இக்கதையிலே வரும் மறைமணம் கதைக்கெனக் கட்டியதன்று. காதலரது தெரிவு வெறும் மனவெழுச்சியோ, உரிமையோ என அறிய விரும்புவார் அக்காலச் சட்டத்தை நோக்குதல் வேண்டும். 12 ஆம் நூற்றாண்டிலே பாப்பரசர் மூன்றாம் அலெக்சாந்தர் காலந்தொட்டு, மணமக்கள் இருவரின் உடன்பாடே மணத்தை ஆக்குவது என்பது மேலைத் திருச்சபையின் சட்டமாயிற்று. பெற்றோர் இசைவு நன்றெனக் கூறப்பட்டதேயன்றி இன்றியமையாதது எனக் கொள்ளப்படவில்லை. பெண்ணுக்கு 12 வயதும் ஆணுக்கு 14 வயதும் மணவயதாகக் கொள்ளப்பட்டன.

ஆயின் குடும்பங்களோ மணத்தை நிலமும் பொருளும் கட்சியுறவும் கைமாறும் வாயிலாகக் கருதின. இதனாலே திருச்சபையின் சட்டத்துக்கும் வீட்டுத் தலைவனது ஆணைக்கும் இடையே நீண்ட போராட்டம் நிகழ்ந்தது. பிரான்சிலே 1556 இல் இரண்டாம் என்றி மன்னன் விதித்த ஆணை, 30 வயதுக்குட்பட்ட ஆணும் 25 வயதுக்குட்பட்ட பெண்ணும் பெற்றோர் இசைவின்றி மணப்பின் அவரது உரிமைச் சொத்தைப் பறிக்க இடமளித்தது. அவ்வாணை பிறந்து சிறிது காலத்துள்ளே புவஸ்த்துவோவின் நூல் வெளிவந்தது என்பது கருதத்தக்கது. 1563 இல் திரெந்து நகரிற் கூடிய திருச்சங்கம், பங்குக் குருவும் சாட்சிகளும் இன்றிச் செய்யும் மணம் செல்லாது என விதித்தது. எனினும் பெற்றோர் இசைவு இன்மையால் மணம் செல்லாதாகும் என விதிக்க மறுத்துவிட்டது. இங்கிலாந்து அச்சங்கத்தின் விதிகளை ஏற்கவில்லை. அங்கே 1753 இல் பாராளுமன்றம் திருமணச் சட்டத்தை இயற்றும்வரை மறைமணம் செல்லுபடியாகவே இருந்தது.

ஆகவே, சேக்ஸ்பியரின் நாடகத்தைக் கண்ட இலண்டன் மக்களுக்கு, துறவியின் அறையிலே அவ்விருவரும் செய்துகொண்டது உண்மையான மணம். அதன்பின் யூலியற்றை வேறொருவனுக்கு மணமுடிக்க முயன்ற தந்தை, தான் அறியாமலே சட்டத்துக்கு மாறாக நடக்கின்றான். காதலர் தெரிவு சட்டத்தின்படி உரிமையாகவும், வழக்கத்தின்படி குற்றமாகவும் நின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலே அகப்பட்டோர் பொய்யும் மறைவும் துயில்மருந்தும் நாடவேண்டியவராயினர்.

சேக்ஸ்பியர் செய்த மாற்றங்கள்

சேக்ஸ்பியர் தமது நாடகத்தின் தோற்றுவாயிலேயே காதலரை விண்மீன்களின் பகைக்கு ஆளானோராகக் குறிக்கின்றார். இதனைக் கொண்டு பலர் இதனை ஊழ்வலி நாடகம் என்று துணிவர். ஆயின் முதனூலோடு நாடகத்தை ஒப்பிட்டு நோக்குவார்க்கு வேறோர் உண்மை புலனாகும். விண்மீன்களை முன்னிறுத்திய அதே ஆசிரியர், புறூக்கின் கதையில் இல்லாத பல தெரிவுகளைத் தாமே புகுத்தியுள்ளார்.

திபால்த்து கொலையுண்ணும் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். புறூக்கின் நூலிலே உரோமியோ சண்டையை விலக்கப் புகுந்து, தாக்கப்பட்டபோது தன்னைக் காக்கும்பொருட்டே அவனைக் கொல்லுகின்றான். நாடகத்திலோ முதலில் நண்பன் மெர்க்கூசியோ கொலையுண்கின்றான். திபால்த்து அகன்று சென்று மீண்டும் வருகின்றான். அதன்பின்னரே உரோமியோ பழிவாங்கத் துணிகின்றான். தற்காப்பாக இருந்த செயல் இங்கே தெரிந்து செய்த செயலாயிற்று. அது முடிந்தவுடனே அவன் பொர்த்தூனாவைச் சுட்டிப் புலம்புகின்றான். செய்யுமுன் அவன் பொர்த்தூனாவை நினைந்திலன், செய்தபின்னரே நினைக்கின்றான்.

முதிய கப்பியுலெத்தின் நிலையும் இத்தகையதே. நாடகத் தொடக்கத்திலே மகளின் உடன்பாடு இன்றித் தன் விருப்பம் மட்டும் போதாது எனப் பாரிசு என்பவனுக்குக் கூறியவன் அவன். பின்னர் அதே தந்தை மகளைக் கேளாமலே நாட்குறித்து, மறுத்தாளாயின் வீட்டைவிட்டுத் துரத்துவேன் என அச்சுறுத்துகின்றான். அவள் இசைந்தாள் போல நடித்ததும் மகிழ்ச்சி மிக்கு, வியாழக்கிழமைக்குக் குறித்த மணத்தைப் புதன்கிழமைக்கு மாற்றுகின்றான். அவ்வொருநாள் மாற்றத்தால் யூலியற் மருந்தை ஒருநாள் முன்னரே உண்ணவேண்டியவளாயினாள். விண்மீன் இதிலே செய்தது யாது?

காலச் சுருக்கமும் கருதற்பாலது. முதனூலிலே மாதக் கணக்கில் நடந்த கதை நாடகத்திலே ஞாயிறு முதல் வியாழன் விடியல் வரையான ஏறத்தாழ ஐந்து நாட்களுள் முடிகின்றது. யூலியற்றின் வயதும் குறைந்துகொண்டே வந்தது: இத்தாலியக் கதையிலே 18 ஐ அணுகியவள், புறூக்கின் நூலிலே 16, நாடகத்திலோ 14 நிரம்பாதவள். இளமையும் விரைவும் கூடக் கூட, அறிவுரை கூறும் கடமை முதியோர்பால் மிகுதல் முறை. ஆனால் நாடகத்து முதியோரோ இளையோரினும் விரைந்தோராகவே காணப்படுகின்றனர். செவிலி முதலில் மணத்துக்குத் துணைநின்று, இடர் வந்தபோது பாரிசையே மணந்துகொள் என்கின்றாள். துறவி நன்னோக்கத்தோடு மறைத்திட்டம் வகுத்து, இறுதியிலே கல்லறையில் அவளைத் தனியே விட்டு அஞ்சி ஓடுகின்றார்.

ஊழ் என்று கூறத்தக்க நிகழ்ச்சி நாடகத்தில் இல்லாமலில்லை. துறவியின் கடிதத்தைக் கொண்டுசென்றவர், கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டினுள் அடைக்கப்பட்டுவிட, கடிதம் சேரவில்லை. 1592 முதல் 1594 வரை அந்நோயால் இலண்டன் அரங்குகள் பெரும்பாலும் மூடப்பட்டிருந்தமையை அறிந்த மக்களுக்கு இது வெறுங் கற்பனையாகத் தோன்றியிராது. எனினும் மந்துவாவிலே உரோமியோ, கடிதம் உண்டோ என வினவி, இல்லை என அறிந்தும் ஒருநாளேனும் பொறுத்தானல்லன்; விண்மீன்களையே எதிர்ப்பதாகக் கூறி நஞ்சு வாங்கச் செல்கின்றான். கடிதம் தவறியது தற்செயல், பொறாமை தெரிவு.

இக்கதையின் முடிவு மாறவியலாததன்று என்பதற்குப் பிற்கால அரங்க வரலாறும் சான்று. 1660 க்குப் பின் சேம்சு அவார்டு என்பார் காதலர் இருவரும் உயிர்வாழுமாறு நாடகத்தை மாற்றியமைத்தார் என்றும், அதுவும் பழைய வடிவமும் நாள் மாறி நாள் நடிக்கப்பட்டன என்றும் 1708 இல் யோன் டௌன்சு எழுதிய நூலால் அறிகின்றோம். ஒருநாள் இறந்த காதலர் மறுநாள் பிழைத்தனர். சிறிது பொறுமையும் சிறிது உண்மையும் எங்கே சேரினும் கதை வேறு வழியிற் செல்லும் என்பதை அம்மாற்றம் உணர்த்துகின்றது.

பழியை ஏற்ற அரசர்

நாடகத்தின் இறுதியிலே வெரோனாவின் கோமகன் விண்மீன்களைக் குற்றஞ் சாட்டவில்லை. தந்தையர் இருவரையும் அழைத்து அவர்தம் பகையின் பயனை நோக்குமாறு கூறுகின்றான். அப்பூசலைக் கண்டும் காணாதிருந்த தன் பிழைக்குத் தன் உறவினர் இருவரை இழந்ததே தண்டனை எனவும் ஒப்புகின்றான். தாந்தே பேரரசன்மேற் சுமத்திய அதே குற்றத்தை இங்கே ஆள்வோன் தானே ஏற்றுக்கொள்கின்றான். தந்தையரும் அப்போதுதான் கைகோக்கின்றனர்.

நம் சிலப்பதிகாரத்தை அறிந்தோர்க்கு இவ்விடம் புதிதாகத் தோன்றாது. ஊழ்வினை வந்து பயன்தரும் என்பதை மூன்று உண்மைகளுள் ஒன்றாகப் பதிகத்திலேயே அறிவித்துத் தொடங்குங் காப்பியம் அது. கோவலன் முற்பிறப்பிலே வணிகன் ஒருவனை ஒற்றன் எனக் காட்டிக் கொலையுறச் செய்த வரலாற்றையும் அது கூறுகின்றது. அவ்வாறிருந்தும், வழக்கு முன்றிலிலே உண்மை வெளிப்பட்டபோது பாண்டியன் ஊழைச் சாட்டித் தப்ப முயலவில்லை. ஆராயாது ஆணையிட்ட குற்றத்தைத் தன்னதாக ஏற்று, அரியணையினின்றும் வீழ்ந்து உயிர்விடுகின்றான். ஊழை முழுமையாக நம்பிய காப்பியத்திலேயே மன்னன் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை என்பது நாம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

இவ்வாராய்ச்சியால் நாம் பெறுவது இதுவாம். ஊழ் என ஒன்று இல்லை என்பது இக்கட்டுரையின் முடிபன்று. கடற்கொள்ளையரும் கொள்ளைநோயும் எக்காலத்தும் உளர். ஆயின் இக்கதையிலே காதலரைச் சூழ்ந்து நின்ற ஊழின் பெரும்பகுதி பிறர் முன்னரே செய்த தெரிவுகளின் திரளேயாம்: தந்தையர் வளர்த்த பகை, கோமகன் காட்டிய அசட்டை, கேளாது குறித்த மணநாள், அஞ்சி ஓடிய துறவி. அத்திரளினுள்ளே நின்று காதலரும் தெரிந்தனர். சிலவற்றை நன்கு தெரிந்தனர். சிலவற்றைப் பதறித் தெரிந்தனர். அவர்தம் பதற்றத்துக்கு அவர் பொறுப்பாளர். அப்பதற்றத்தைத் தவிர வேறு வழி விடாதவர்கள் அதனினும் பெரிய பொறுப்பாளர்.

சாதகமும் சீதனமும் குடிப்பெருமையும் மணத்தை முடிவுசெய்யும் வழக்கம் நம் சமுதாயத்திலும் முற்றாக மறைந்துவிடவில்லை. இளையோர் ஒருவர் மாண்ட வீட்டிலே, தலைவிதி என்ற ஒரு சொல்லால் எல்லா வினாக்களும் அடங்கிவிடுவதையும் நாம் கேட்டிருக்கின்றோம். துயருற்றார் ஆறுதலுக்காக அச்சொல்லைக் கூறுவாராயின் அதனைக் குறை கூறுதல் அறமன்று. ஆயின் ஆசிரியரும் பெற்றோரும் ஆள்வோரும் அச்சொல்லைத் தமக்குக் கவசமாகக் கொள்ளுதல் தகாது. வெரோனாவின் கோமகனும் மதுரையின் மன்னனும் காலங்கடந்து கேட்ட வினா, நான் செய்தது யாது என்பது. அதனைக் காலத்தோடு கேட்டல் மூத்தோர் கடன். துணியுமுன் ஒருநாள் பொறுத்தல் இளையோர் கடன்.